விளக்கா, குடமா? ஜே.ஆர். காலத்தில் இலங்கையின் ஜனநாயகம் சரிந்த விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது, பிறகு எங்கேயோ போய்விடுகிறது. வரும்போதெல்லாம் என் மருமக்களும் தமிழ்நாட்டு நண்பர்கள் சிலரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி விரல் வலித்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். பிரதமராக வந்து பிறகு ஜனாதிபதியான ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஆட்சியில், 1977க்கும் 1983க்கும் இடையில் நடந்ததுதான் விஷயம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அது என்ன விளக்கு, குடம்? வீட்டில் பெரியவர்கள் பேசும்போது வருகிறது, விளங்கவில்லை.

1982 டிசம்பர் 22இல் இலங்கையில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதற்குமாக இதுவரை நடந்தது அந்த ஒன்றுதான். கேட்கப்பட்டது இதுதான்: இருக்கிற பாராளுமன்றம் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு ஆண்டுகள் தொடரலாமா? தொடரலாம் என்றால் விளக்குக்குப் புள்ளடி, வேண்டாம் என்றால் குடத்துக்கு. 54.66 சதவீதத்தோடு விளக்கு வென்றது.

அதன் பலன், 1977 ஜூலையில் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை இருந்தது. 1977 ஓகஸ்ட்டில் 18 வயதான ஒருவர் தன் முதல் பொதுத் தேர்தலில் வாக்களித்தபோது அவருக்கு வயது 29.

ஜே.ஆர். தேர்தலில் வென்றுதானே வந்தவர்? பிறகு என்ன குறை?

வென்றுதான் வந்தார், அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு வாக்குக்கு எவ்வளவு ஆசனம் என்று பார்த்தால்தான் கதை விளங்கும். ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 1977இல் விழுந்தது ஏறத்தாழ 51 சதவீத வாக்கு, கிடைத்தது 168 ஆசனங்களில் 140. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 30 சதவீத வாக்கு விழுந்தும் கிடைத்தது வெறும் 8. தொகுதியில் முந்தியவருக்கே ஆசனம் என்ற பழைய முறையின் வேலை அது. 18 ஆசனம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை.

அரசியல் யாப்பை மாற்ற மூன்றில் இரண்டு போதும், அதாவது 112. ஜே.ஆரிடம் இருந்தது ஆறில் ஐந்து. நாட்டில் பாதிப் பேர்தான் அவர் பக்கம், சபையிலோ அவரை மறித்துப் பேசவே ஆள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற எல்லாமே இந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சிதான் என்பது என் வாதம்.

அதற்கு முந்தி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்ததா?

இல்லை. 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு என்று பெருமை பேசுவோம். அதே நாடு 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது, வாக்குரிமையும் அதோடு போனது. ஜே.ஆருக்கு முந்திய சிறிமாவோ அரசு 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகைக் குழுமத்தை எடுத்துக்கொண்டது. 1972இல் புது யாப்பு எழுதும்போது தன் ஆயுளையும் இரண்டு ஆண்டு நீட்டிக்கொண்டது. 1975இல் நடக்க வேண்டிய தேர்தல் 1977இல்தான் நடந்தது.

அந்த நீட்டிப்பு அநியாயம் என்று கொழும்பு தெற்கு ஆசனத்தை ராஜினாமா செய்து, 1975இல் இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் வென்ற ஒரு எதிர்க்கட்சித் தலைவர் இருந்தார். அவர் பெயர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. ஏழு ஆண்டுக்குப் பிறகு அவரே நீட்டியது ஆறு ஆண்டு.

சனம் ஏன் பேசாமல் இருந்தது?

வரிசைதான் காரணம். 1970களில் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை, அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே தடை. ஜே.ஆர். வந்ததும் இறக்குமதியைத் திறந்துவிட்டார். கடைகள் நிறைந்தன, மகாவலித் திட்டம் வேகமெடுத்தது, வேலை கிடைத்தது. வயிறு நிறைந்த நேரத்தில் யாப்பின் எத்தனையாவது உறுப்புரையில் என்ன மாறியது என்று யார் பார்ப்பார்கள்? நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கதை மட்டும் கொஞ்சம் வேறு. இறக்குமதித் தடை இருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டு நன்றாக உழைத்தவர்கள் எங்கள் கமக்காரர்கள். திறந்த பொருளாதாரம் அவர்களை அடித்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவைக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல வாக்கு விழுந்ததற்கு, அவர் பழைய விவசாய அமைச்சர் என்பதும் ஒரு காரணம்.

1978 யாப்பில் அப்படி என்னதான் இருந்தது?

சுருக்கமாகச் சொன்னால், பிரதமரிடம் இருந்த அதிகாரம் மக்களால் நேரடியாகத் தெரிவாகும் ஜனாதிபதியிடம் போனது. அமைச்சரவைக்குத் தலைவர் அவர், படைகளுக்குத் தலைவர் அவர், பாராளுமன்றத்துக்கு வந்து பதில் சொல்லத் தேவையில்லை, பதவியில் இருக்கும்வரை வழக்கும் போட முடியாது. புது யாப்பு வரும் வரைகூட ஜே.ஆர். காத்திருக்கவில்லை. பழைய யாப்பையே திருத்தி 1978 பெப்ரவரி 4இல் ஜனாதிபதியானார், புது யாப்பு செப்டம்பரில் வந்தது. ஆணைப் பெண்ணாக்குவதைத் தவிர மற்ற எல்லாம் தன்னால் முடியும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை உலாவுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: யாப்பு நடைமுறைக்கு வந்த அன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் பதவி இழந்தார்கள் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்போம்). அரசாங்கம் விரும்பியவர்கள் மீண்டும் நியமிக்கப்பட்டார்கள், சிலருக்கு அழைப்பே வரவில்லை. ஆனால் அந்த யாப்பில் நல்லதும் இருந்தது. அடிப்படை உரிமைகளுக்கு நேரே உயர் நீதிமன்றம் போகலாம், தமிழ் தேசிய மொழி என்று எழுதப்பட்டது, விகிதாசாரத் தேர்தல் முறை வந்தது. விகிதாசாரம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஜே.ஆர். தானே கொண்டுவந்த அந்த முறைதான் அவருக்குப் பின்னால் தலையிடியானது.

சிறிமாவோ பிழை விட்டவர்தானே? தண்டித்தால் என்ன?

பிழை விட்டவர்தான், மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்படித் தண்டித்தார்கள் என்று பாருங்கள். 1978இல் விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன் நடந்தவற்றை அந்த ஆணைக்குழு விசாரிக்க முடியாது என்று சிறிமாவோ மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார், நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே யாப்பின் முதலாம் திருத்தம் வந்து அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. புது யாப்புக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

1980 ஒக்டோபர் 16இல் பாராளுமன்றம் அவருடைய குடியியல் உரிமையை ஏழு ஆண்டுக்குப் பறித்து, ஆசனத்தையும் பறித்தது. தேர்தலில் நிற்க முடியாது, வாக்களிக்க முடியாது, இன்னொருவருக்காக மேடையேறிப் பிரசாரம் செய்யவும் முடியாது. தண்டனைக்குக் கைதூக்கியவர்கள் யார்? அவரைத் தோற்கடித்த கட்சிக்காரர்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆரோடு மோதக்கூடிய ஒரே ஆள் களத்துக்கு வெளியே போய்விட்டார். அவரை வெறுத்தவர்கள் கைதட்டினார்கள், தமிழரில் பலரும் பேசாமல் இருந்தார்கள். பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த 1972 யாப்பைத் தந்தவர்மேல் யாருக்கு இரக்கம் வரும்?

எல்லாம் சட்டப்படி நடந்ததுதானே?

ஓம், பெரும்பாலும் சட்டப்படிதான். இந்தக் கேள்வியைச் சட்டம் படிக்கிற மருமகன் ஒருவன் வெற்றிச் சிரிப்போடு கேட்டான். டாங்கிகள் வீதிக்கு வரவில்லை, வானொலி நிலையத்தைப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வர்த்தமானி அறிவித்தல் இருக்கிறது, வாக்கெடுப்பு எண்ணிக்கை இருக்கிறது, சபாநாயகரின் கையெழுத்து இருக்கிறது. மட்டக்களப்பு உறுப்பினர் இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து அரசாங்கக் கட்சிக்குத் தாவியபோது ஆசனம் போகாமல் காப்பாற்றவும் ஒரு திருத்தம், 1979இல். ஜே.ஆர். போவதற்குள் யாப்புக்கு 16 திருத்தங்கள்.

சட்டத்துக்கு வெளியிலும் கை இருந்தது. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. அவசரகால நிலை பிரகடனமானது, வேலைக்கு வராதவர்கள் பதவியைத் தாங்களாகவே விட்டுப் போனவர்களாகக் கருதப்பட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். ஆளும் கட்சியின் ஜாதிக சேவக சங்கமய என்ற தொழிற்சங்கத்தின் ஆட்கள் மற்றச் சங்கக்காரர்களை அடித்து நொறுக்கியதும் இதே காலத்தில்தான். 'பதவியை விட்டவராகக் கருதப்படுவார்' என்ற அந்த வாசகம் பின்னால் வேறொரு இடத்திலும் வரும்.

தமிழருக்கு எப்போதும் அப்படித்தானே இருந்தது? இதில் புதிதாக என்ன சரிவு?

நியாயமான கோபம். தெற்கில் மெல்லச் சரிந்தது வடக்கில் ஏற்கெனவே உடைந்திருந்தது. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை தடுத்துவைக்கலாம். மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 1981 ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு நான்கு நாள் முந்தி, கொழும்பிலிருந்து அமைச்சர்கள் வந்து யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த நேரத்தில், பொதுநூலகம் எரிந்தது. 97,000 அளவு நூல்கள். தேர்தலில் வாக்குப் பெட்டிகள் சில காணாமல் போயின.

அடுத்த மாதம் நடந்ததைச் சொன்னால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். அரசாங்கக் கட்சி எதிர்க்கட்சித் தலைவர்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றியது! எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கத்தின் நம்பிக்கை எதற்கு? பாராளுமன்ற மரபில் இதற்கு இடமே இல்லை. ஆறில் ஐந்து இருந்தால் எதையும் நிறைவேற்றலாம், அவ்வளவுதான். பெட்டி காணாமல் போவதும், கைதிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லாததும் எங்கள் பக்கம் பழகிய பிறகுதான் தெற்குக்குப் போயின.

தேர்தலே வைத்திருக்கலாமே? ஜே.ஆர். எப்படியும் வென்றிருப்பாரே?

வென்றிருப்பார், அதுதான் வேடிக்கை. மூன்றாம் திருத்தத்தால் ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டியே 1982 ஒக்டோபர் 20இல் வைத்தார். சிறிமாவோ நிற்க முடியாது, கொப்பேகடுவ நின்றார். ஜே.ஆருக்கு 52.91 சதவீதம், கொப்பேகடுவைக்கு 39. இதே அளவு வாக்கோடு விகிதாசார முறையில் பொதுத் தேர்தலுக்குப் போயிருந்தால் பாதிக்குச் சற்று மேலான ஆசனம்தான் கிடைத்திருக்கும். ஆட்சி இருக்கும், நினைத்தபோது யாப்பைத் திருத்தும் மூன்றில் இரண்டு இருக்காது. ஆகவே பழைய முறையில் வென்ற 140ஐ அப்படியே உறையவைக்க முடிவெடுத்தார்.

அவர் வெளியே சொன்ன காரணம் வேறு. சுதந்திரக் கட்சிக்குள் 'நக்சலைட்' கும்பல் ஒன்று இருக்கிறது, புதுத் தேர்தல் வைத்தால் அது சபைக்குள் நுழைந்துவிடும் என்றார். சிறிமாவோவின் மருமகனும் சிங்களத் திரை நட்சத்திரமுமான விஜய குமாரதுங்கவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கடைசிவரை அவர்மேல் எந்த வழக்கும் நிரூபணமாகவில்லை.

வாக்கெடுப்பாவது நேர்மையாக நடந்ததா?

நாடு அவசரகால நிலையில் இருந்தபோது நடந்த வாக்கெடுப்பு அது. எதிர்ப்பு அச்சகங்கள் முத்திரையிடப்பட்டன, எதிர்ப்பாளர் பலர் சிறையில், துண்டுப்பிரசுரங்கள் பறிமுதல். அப்படி இருந்தும் விளக்குக்கு விழுந்த வாக்கு, இரண்டு மாதம் முன் ஜே.ஆருக்கு விழுந்ததைவிட மூன்று இலட்சம் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள்.

திகதி போடாத ராஜினாமாக் கடிதம் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. வாக்கெடுப்புக்கு முன்பே ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி ஜே.ஆர். தன்னிடம் வைத்துக்கொண்டார். வாக்கெடுப்பில் விளக்குத் தோற்ற தொகுதிகள் சிலவற்றின் உறுப்பினர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பி, 1983 மே 18இல் 18 இடைத்தேர்தல் வைத்தார். 14இல் அவர் கட்சி வென்றது. எதிர்க்கட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சொந்தக் கட்சிக்காரர் 140 பேரும் கழுத்தில் கயிற்றோடுதான் இருந்தார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நீதிமன்றம் தடுக்கவில்லையா?

நீட்டிப்புத் திருத்தம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மூன்றில் இரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் இருந்தால் செல்லும் என்று நால்வர் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அதன்பிறகு நீதிமன்றம் கொஞ்சம் முதுகை நிமிர்த்தியது. வாக்கெடுப்புக் காலத்தில் பௌத்த, கிறிஸ்தவத் துறவிகள் சேர்ந்த அமைப்பு ஒன்றின் பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அதிகாரி உரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, நட்டஈட்டையும் தானே கட்டியது. 1983 மகளிர் தினத்தன்று இடதுசாரித் தலைவி விவியன் குணவர்த்தனவைப் பொலிசார் கைதுசெய்த வழக்கிலும் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சில நாளில் அரசாங்க பஸ்களில் வந்து இறங்கிய கூட்டம் நீதிபதிகளின் வீட்டு வாசலில் நின்று தூஷணத்தால் திட்டியது.

அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றக் கதவையே பூட்டினார்கள். யாப்பின் ஆறாம் திருத்தம் கேட்ட, தனிநாட்டுக்கு எதிரான சத்தியத்தை ஜனாதிபதி முன் எடுக்காமல் தங்களுக்குள் எடுத்துக்கொண்டதால் நீதிபதிகள் பதவியை விட்டவர்களாகக் கருதப்பட்டார்கள், 1980இல் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சொன்ன அதே கதை. பிறகு ஜனாதிபதி அவர்களை மறுபடி நியமித்தார். இதில் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் யார் தெரியுமா? ஜே.ஆர். தானே வெளியிலிருந்து கொண்டுவந்து நியமித்த வழக்கறிஞர். கடைசியில் அவரோடுதான் ஜே.ஆருக்குப் பெரிய மோதல் வந்தது, 1984இல் அவரைப் பதவிநீக்கப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவரை போனார்கள்.

சர்வாதிகாரம் என்பது கூடின சொல் இல்லையா? ஜே.ஆர். 1989இல் தானாகப் போனாரே.

கூடின சொல்தான், அதனால்தான் தலைப்பில் சரிவு என்று எழுதினேன். இரண்டு தவணை முடிந்ததும் அவர் போனார், சிறிமாவோவுக்கு 1986இல் உரிமை திரும்பக் கிடைத்தது. ஹிட்லரோடு ஒப்பிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்த ஆறு ஆண்டில் என்ன நடந்தது? 1983 ஜூலை இன அழிப்பு. வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகள் கொலை. பழியை இடதுசாரிகள்மேல் போட்டு ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) உட்பட மூன்று கட்சிகளுக்குத் தடை. ஓகஸ்ட்டில் ஆறாம் திருத்தம், தனிநாடு கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்களின் ஆசனங்கள் காலி. வடக்குத் தமிழருக்குச் சபையில் பேச ஆள் இல்லை, தெற்கு இளைஞரின் ஒரு பகுதிக்குச் சட்டபூர்வக் கட்சியே இல்லை. 1983இல் ஒரு சாதாரணப் பொதுத் தேர்தல் நடந்திருந்தால் இரண்டு பக்கமும் ஆயுதம் தூக்கியிருக்காது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் தேர்தல் என்ற வாசலை அடைத்துவிட்டு, ஏன் கூரையைப் பிரித்தார்கள் என்று கேட்க முடியாது.

அப்படியென்றால் 2024இல் வந்த மூன்றில் இரண்டுக்கும் பயப்பட வேண்டுமா?

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 எடுத்தது, 61.56 சதவீத வாக்கோடு. 1977 போல வாக்குக்கும் ஆசனத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இதில் இல்லை. அதன் முதன்மைக் கட்சி 1983இல் தடைசெய்யப்பட்ட அதே ஜே.வி.பி. என்பதும் ஒரு விசித்திரம். நீதிமன்றமும் பழைய மாதிரி இல்லை. 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அது யாப்புக்கு விரோதம் என்றார்கள்.

எனக்கு 159 என்ற எண்ணில் பயம் இல்லை. யாருடைய உரிமையைப் பறிக்கும்போது நாம் கைதட்டுகிறோம் என்று பார்ப்பேன், சிறிமாவோ கேள்விக்கு எழுதிய பதிலைத் திரும்பப் படியுங்கள். தற்காலிகம் என்று வருகிற சட்டத்தைப் பார்ப்பேன். மூன்று ஆண்டுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பது ஆண்டு தாண்டி நின்றது.

உங்கள் வீட்டில் எதற்குப் போட்டார்கள்?

நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா யாழ்ப்பாணத்தில் குடத்துக்குப் போட்டார். கொழும்பிலிருந்த பெரியம்மா விளக்குக்குப் போட்டார். தேர்தல் என்றால் அடிபாடு, அடிபாடு என்றால் முதலில் தமிழன்தான், தேர்தல் இல்லாவிட்டால் ஆறு வருஷம் நிம்மதி என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் அது பிழையான கணக்காகவும் யாருக்கும் படவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார், கையில் ஒரு துணிப்பையோடு. அந்த வாக்கைப் பற்றி வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.